தண்டனை என்ற பெயரில் அரை மணி நேரம்

நஸீபா டீச்சரைப் போல ஒரு பொறுமைசாலியை ஏறாவூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவருடைய மூன்றாம் தரத்துக்கும் என்னுடைய நான்காம் தரத்துக்கும் நடுவே வெறும் அரைச்சுவர். அங்கே பஸ்னா மேசையில் தாளம் போட்டால் இங்கே என் பிள்ளைகளுக்குக் கணக்குப் பிழைக்கும்.

பஸ்னாவின் உம்மா குவைத்தில் வீட்டு வேலை. வாப்பா வேறு கலியாணம் முடித்து ஓட்டமாவடிக்குப் போனதோடு சரி. பிள்ளை சாச்சி வீட்டில் வளர்ந்தது. வளர்ந்தது என்ன, கிடந்தது! பக்கத்தில் இருப்பவளின் கொப்பியைக் கிழிப்பாள், தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்ப்பாள். வகுப்பில் ஒருத்தியும் அவளைக் கூட்டுச் சேர்ப்பதில்லை.

பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை. அதனால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு டீச்சர் அவளை அரை மணி நேரம் மறித்து வைத்தார். தண்டனையாம்! நானும்தான் பார்த்தேனே, இருவரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பணிஸ் தின்றதை, டீச்சர் அவளுக்குத் தலை பின்னிவிட்டதை. குழப்படி நாளுக்கு நாள் கூடியது.

ஆசிரியர் செயலமர்வு ஒன்றில் பயிற்சி கொடுக்க வந்த வளவாளரிடம் டீச்சர் இதைக் கேட்டிருக்கிறார். தண்டித்தும் குழப்படி கூடினால் அது தண்டனை இல்லை, பரிசு. அந்தப் பரிசை நல்ல நடத்தைக்குக் கொடுங்கள் என்றாராம் அவர்.

"அவளுக்கு மட்டுமில்ல புள்ள, எனக்கும்தான் அது பரிசு," என்றார் டீச்சர் என்னிடம். "ஊட்ட போனா சுவரோடதான் பேச்சு."

கணவர் மௌத்தாகி ஆறு வருடம். ஒரே மகன் டோஹாவில். வெள்ளிக்கு வெள்ளி ஓர் அழைப்பு. வாவிக்கரையில் அவ்வளவு பெரிய வீட்டில் அவர் தனியாள்.

மறுநாள் பஸ்னாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "குழப்படி செஞ்சா மணியடிச்ச உடனே ஊட்ட போகணும் மகள். அஞ்சி நாள் நல்லா இருந்து அஞ்சி நட்சத்திரம் எடுத்தா என்னோட நிக்கலாம்."

முதல் கிழமை இரண்டாம் நாளே குழப்படியில் கவிழ்ந்தது. அவளை அனுப்பிவிட்டு டீச்சர் கண்ணைத் துடைத்ததைச் சுவருக்கு மேலால் கண்டேன்.

"என்ன கல்நெஞ்சுப் படிப்பு டீச்சர் இது!" என்று கத்தினேன்.

"புள்ளைட நன்மைக்குத்தானே," என்றார்.

மூன்றாம் கிழமை ஐந்தாவது நட்சத்திரம் ஏறியது. யாருடைய கொப்பியும் கிழியாததால் மற்றப் பிள்ளைகளும் இடைவேளையில் அவளை விளையாட்டில் சேர்த்திருந்தார்கள். மணி அடித்தது. டீச்சர் வாங்கில் அவளுக்கு இடம் விட்டு அமர்ந்திருந்தார். பஸ்னா தோளில் பையைக் கொழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"டீச்சர், கட்டாயம் நிக்கணுமா?"

"ஏன் மகள்?"

"றிஸானா ஆக்கள் கேற்றடியில எனக்காக நிக்காங்க. இண்டைக்குத்தான் முதல்முதலா கூப்பிட்டாங்க."

"ஓடு மகள், ஓடு. பார்த்துப் போகணும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "பாருங்க டீச்சர், கடைசியில நீங்கதான் வெண்டீங்க!" என்றேன்.

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த கிழமை ஒரு குழப்படி செஞ்சி, அந்தப் புள்ளைகளும் கைவிட்டு, திரும்ப என்னட்டயே வர மாட்டாளா எண்டு மனசு கேக்குது புள்ள. நானெல்லாம் ஒரு டீச்சரா?"

வீட்டில் என் பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள் என்று சொல்லி, அவரை அந்த வாங்கில் தனியே விட்டு நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.