அண்ணா வசிக்கும் நாடு

சிட்னியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் சாரதிக்கு நன்றி சொல்லுகிறார்கள். பின் கதவால் இறங்குகிறவர்கள்கூட, பஸ்ஸின் முழு நீளத்துக்கும் கேட்கும்படி 'தாங்ஸ் ட்ரைவர்' என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். வந்த புதிதில், நான் வெறும் பயணியாக இருந்த காலத்தில், இது எனக்கு விளங்கவில்லை. ஊரில் மினிபஸ் முழுதாக நிற்பதற்கு முதலே ஒரு காலைத் தரையில் வைத்துவிட வேண்டும், கொண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். இப்போது நானே சாரதி. பரமட்டாவுக்கும் பென்டில் ஹில்லுக்கும் இடையில் ஒரு நாளில் எத்தனையோ பேர் எனக்கு நன்றி சொல்லுகிறார்கள். நானும் 'நோ வொரிஸ்' என்று திருப்பிச் சொல்லுகிறேன். ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லி, இப்போது அதைச் சொல்லும்போது வாய் மட்டும்தான் அசைகிறது.

அம்மா ஒருநாளும் என் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. சாப்பாடு, மழை, பேத்தியின் பள்ளிக்கூடம் எல்லாம் கேட்பார். பஸ் என்ற சொல் வந்தால் பேச்சை மாற்றிவிடுவார். அதற்குக் காரணம் இருக்கிறது.

அம்மாவும் தங்கை வாணியும் கோண்டாவிலில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அப்பா எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது நெஞ்சுவலியில் போய்விட்டார். அதன் பிறகு குடும்பத்தை இழுத்தது அண்ணா குகன். கிளிநொச்சியில் கணிதம் ரியூசன் கொடுத்தார். ஓலைக்கொட்டிலில் நாற்பது பிள்ளைகள். வெண்கட்டித் தூள் படிந்த கையோடுதான் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காருவார். என்னை ஸ்ருடன்ட் விசாவில் சமையல் படிக்க இங்கே அனுப்பியதும் அவர்தான். புறப்படும்போது, நீ முதலில் போய்ச் சேர், பிறகு எங்களைக் கூப்பிடு என்றார். அந்த 'எங்களை'க்குள் அவரும் இருந்தார்.

போரின் கடைசி மாதங்களில் நான் பரமட்டாவில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் ஒரு தொலைபேசியும் வேலை செய்யவில்லை. அவர்கள் மூன்று பேரும் சனத்தோடு சனமாக நடந்து இராணுவத்தின் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஆண்களைப் பிரித்தார்கள். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லி அண்ணாவை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். யன்னலோரம் இருந்தவர் கை அசைக்கவில்லை. வாணியின் தோளில் தொங்கிய பையைக் காட்டி, அதை இறக்கி வை, தோள் நோகும் என்பதுபோல் சைகை செய்தாராம். பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை.

அம்மா அகதி முகாமிலிருந்து வெளியே வந்த நாள் முதல் அவரைத் தேடினார். ஆணைக்குழுக்களுக்கு முன்னால் இருந்து ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போட்ட பந்தலில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் இருந்தார். இறப்புச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று அதிகாரிகள் இரண்டு தடவை படிவம் அனுப்பினார்கள். இரண்டு தடவையும் அம்மா அதைத் தொடாமலே திருப்பிவிட்டார். செத்தவன் என்று சொல்லுகிறவர்கள் எனக்கு உடம்பைக் காட்டட்டும் என்பதுதான் அவருடைய ஒரே பதில்.

நான் குடியுரிமை எடுத்து, கல்யாணம் கட்டி, பென்டில் ஹில்லில் வீடு வாங்கிய பிறகுதான் கூப்பிடுகிற வேலையைத் தொடங்கினேன். அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் வெடிப்பு விழுந்த வருடம் அது. பரமட்டாவில் ஒரு குடிவரவு முகவரிடம் போனேன். ஹெலன் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், அன்பான பெண். அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மூன்று என்றேன். எங்கே இருக்கிறார்கள்? நான் இங்கே, தங்கை இலங்கையில், அண்ணா மிஸ்ஸிங். ஹெலன் பேனாவை வைத்துவிட்டு, குடும்பத்துக்குள் ஏதும் மனஸ்தாபமா என்று மெதுவாகக் கேட்டார். தன்னுடைய தம்பியும் பேர்த் நகரத்தில் இருக்கிறானாம். ஒன்பது வருடமாகக் கதை பேச்சில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். நான் விளங்கப்படுத்தினேன். போர், பஸ் என்று இரண்டு மூன்று சொல்லில் முடித்தேன். அவர் பேனாவை எடுத்து, திரும்பவும் வைத்தார். எனக்கு அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

பிறகு சட்டத்தைச் சொன்னார். 'பலன்ஸ் ஒஃப் ஃபமிலி டெஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. பெற்றோரை நிரந்தரமாக இங்கே எடுப்பதானால் அவர்களுடைய பிள்ளைகளில் பாதிப் பேராவது அவுஸ்திரேலியாவில் இருக்க வேண்டும். இருக்கும் இடம் தெரியாத பிள்ளையை அவர் கடைசியாக வாழ்ந்த நாட்டில் வசிப்பவராகவே கணக்கெடுப்பார்கள். அப்படிப் பார்த்தால் இலங்கையில் இரண்டு பிள்ளைகள், இங்கே ஒன்று. அம்மா வர முடியாது. அண்ணாவுக்கு இறப்புச் சான்றிதழ் இருந்தால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. வரலாம். தற்காலிக விசா ஒன்றும் உண்டு, அதற்கு இந்தக் கணக்கு இல்லை, ஆனால் சில வருடத்தில் திரும்பிப் போக வேண்டும் என்றார். திரும்பிப் போகும்போது அம்மாவுக்கு என்ன வயதாகும் என்று யோசித்தேன். தங்கையைப் பற்றியும் கேட்டேன். சகோதரங்களுக்கு ஏறக்குறைய ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அவளுக்கு வேறெந்த நாட்டிலும் பெற்றோரோ சகோதரமோ இருக்கக் கூடாது. அதாவது அம்மா முதலில் இங்கே வந்துவிட வேண்டும், அண்ணா அங்கே இருக்கக் கூடாது.

கார் தரிப்பிடத்தில் ஸ்ரேரிங்கில் கை வைத்தபடி இருந்தேன். இத்தனை வருடமாக ஏதாவது ஒரு அரசாங்கம் அவர் இருக்கிறார் என்று சொல்லாதா என்று காத்திருந்தோம். கடைசியில் ஒரு அரசாங்கம் சொல்லிவிட்டது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பால் வாங்க வேண்டும் என்பதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் அம்மாவோடு பேசினேன். சட்டத்தை எளிதாகச் சொன்னேன். சான்றிதழ் என்ற சொல்லுக்கு நான் வந்து சேர முதலே அம்மா இடைமறித்தார்.

"அப்ப உங்கட அரசாங்கம் குகன் இலங்கையில இருக்கிறான் எண்டு சொல்லுதோ?"

"சட்டத்தில அப்பிடித்தான் அம்மா. அதாலதான் உங்களைக் கூப்பிடேலாமக் கிடக்கு."

"என்னைக் கூப்பிடுறது கிடக்கட்டும். அதை எழுதித் தருவினமோ?"

நான் ஹெலனுக்கு எழுதிக் கேட்டேன். அவர் காரணம் கேட்காமல் இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பினார். உங்கள் சகோதரர் இந்த விண்ணப்பத்தின் நோக்கத்துக்காக இலங்கையில் வசிப்பவராகவே கருதப்படுவார். வாணி அதைச் சந்தியிலுள்ள கடையில் அச்செடுத்து, பிளாஸ்ரிக் உறை போட்டுக் கொடுத்தாள். அம்மா அதைப் பந்தலுக்குக் கொண்டுபோனார். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வாசித்து, இது விசாவுக்காக எழுதினது அம்மா, சாட்சி இல்லை என்று விளங்கப்படுத்தினார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பரவாயில்லை, எழுதினவன் பொய் எழுதேல்லைத்தானே என்றாராம். மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் கொண்டுபோனார். அங்கே அதை வாங்கிப் பார்க்கவேயில்லை. வாணி இதையெல்லாம் எனக்குச் சொல்லும்போது சிரிக்கவுமில்லை, கவலைப்படவுமில்லை. அவளும் என்னைப்போல ஆகிவிட்டாள் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அதோடு விஷயம் ஒன்றரை வருடம் கிடப்பில் கிடந்தது. நான் அம்மாவை வற்புறுத்தவில்லை. அது பெருந்தன்மை இல்லை. கேட்பதற்கு எனக்குச் சொல் வரவில்லை.

பிறகு வாணியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அவள் பாலர் பள்ளியில் படிப்பிக்கிறவள், நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. கட்டியை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது, ஆனால் மூன்று வாரம் அவளுக்குக் குரல் வரவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அம்மா வீட்டில் தனியே இருந்தார். பக்கத்து வீட்டு அன்ரி சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். வாணி வீட்டுக்கு வந்த பிறகு, அம்மா முதல் தடவையாகத் தானே என்னைக் கூப்பிட்டார். திரையில் அவர் முகமும், பின்னால் கதிரையில் கழுத்தில் பஞ்சோடு வாணியும் தெரிந்தார்கள்.

"தம்பி, நான் போனாப் பிறகு இவளைக் கூப்பிட ஏலுமோ?"

நான் வழியைச் சொன்னேன். முதலில் நீங்கள் வர வேண்டும், பிறகு இவளுக்கு உலகத்தில் வேறு ஒருத்தரும் இல்லையென்று காட்ட வேண்டும் என்றேன். வேறு ஒருத்தரும் என்று நான் சொன்னபோது அம்மா கண்ணை எடுத்து வேறெங்கோ பார்த்தார். காத்திருக்கும் வரிசை எவ்வளவு நீளம் என்பதை நான் சொல்லவில்லை. அம்மாவின் விண்ணப்பத்துக்கே பத்து வருடத்துக்கு மேல் ஆகலாம் என்று ஹெலன் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு எழுபத்து நான்கு. சகோதரங்களின் வரிசையைப் பற்றிக் கேட்டபோது அவர் ஒரு எண்ணும் சொல்லாமல், அது மிக நீளம் என்று மட்டும் சொன்னார். அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அதற்குச் சரியான நியாயம் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து வாணி பேசினாள். குரல் திரும்பியிருந்தது, ஆனால் கரகரத்தது.

"அம்மா இண்டைக்குப் பிரதேச செயலகத்துக்குப் போனவா. கையெழுத்து வைச்சிட்டா."

"என்ன சொன்னவா?"

"வரேக்க சந்தையில இறங்கிக் கத்தரிக்காய் வாங்கினவா. இப்ப வெட்டிக்கொண்டு இருக்கிறா."

சில மாதத்தில் சான்றிதழ் வந்தது. வாணி படமெடுத்து அனுப்பினாள். இறந்த திகதிக்கு நேரே அவரை பஸ்ஸில் ஏற்றிய நாளைப் போட்டிருந்தார்கள். காரணத்துக்கு நேரே, காணாமற் போனவர், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று இருந்தது. இரண்டு நாடுகளும் அவரை ஒவ்வொரு விதமாகக் கருதிக்கொண்டிருந்தன. இரண்டும் தேடவில்லை.

மொழிபெயர்ப்பையும் கொண்டு ஹெலனிடம் போனேன். அவர் பார்த்ததும் முகம் மலர்ந்து, இது நல்ல செய்தி, இனிச் சிக்கல் இல்லை என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் பட்டது. கழுத்து வரை சிவந்து, மன்னித்துக்கொள்ளுங்கள், உங்களுடைய இழப்புக்கு வருந்துகிறேன் என்றார். நான் 'நோ வொரிஸ்' என்றேன். படிவத்தில் அம்மாவின் பிள்ளைகளை வயது வாரியாக எழுத வேண்டியிருந்தது. பெயர், பிறந்த திகதி, வசிக்கும் நாடு. அண்ணாவின் பெயருக்கு நேரே ஹெலன் 'டிஸீஸ்ட்', இறந்துவிட்டவர், என்று தட்டினார். ஒரு விரல்தான் பாவித்தார், மற்றக் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. பிறகு அம்மா வரிசையில் சேர்க்கப்பட்டுவிட்டார் என்று கடிதம் வந்தது. அதை நான் மனைவி சுபாவிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, சாப்பிட வாங்கோ என்றாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மா கூப்பிட்டார். வாணி பக்கத்தில் இல்லை என்பதை முதலில் சொன்னார்.

"பாரத்தில பிள்ளையளின்ர பேர் எழுதினதெல்லே. குகன்ர பேருக்கு நேர என்னத்தை எழுதினனீ?"

நான் ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"இஞ்ச நான் அவனைச் சாகக் குடுத்துப்போட்டன். இவளுக்காகத்தான். அங்க நீ இருக்கிறான் எண்டே எழுது. ஒரு நாட்டிலயாவது பிள்ளை இருக்கட்டும்."

படிவம் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த நாட்டில் மட்டும் அவரைச் சாகக் கொடுத்தால் போதாது, இங்கேயும் இறந்தவர் என்று எழுதினால்தான் அம்மாவை உள்ளே விடுவார்கள் என்பதை அம்மாவுக்கு நான் ஒழுங்காக விளங்கப்படுத்தவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அல்லது அம்மாவுக்கு எல்லாம் விளங்கித்தான் இருந்ததோ தெரியாது.

"ஓம் அம்மா. இருக்கிறார் எண்டுதான் எழுதினனான்."

"சரி. வைக்கிறன்."

அந்த வெள்ளிக்கிழமை சுபாவோடும் மகளோடும் கோயிலுக்குப் போனேன். வேலை நாள் என்பதால் கூட்டம் குறைவு. அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். சுபா வழமைபோல் எங்கள் மூன்று பேருடையதையும், அம்மாவுடையதையும், வாணியுடையதையும் சொன்னாள். ஐயர் அவ்வளவுதானா என்று என்னைப் பார்த்தார். இருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை என்பது எனக்குத் தெரியும். குகன், அனுஷம் என்றேன். சுபா என் பக்கம் திரும்பினாள். மகள் ஆங்கிலத்தில், ஹூ இஸ் தற் என்று கேட்டாள். உன்ர பெரியப்பா என்றேன். ஐயர் ஆறு பெயரையும் ஒரே மூச்சில், இடையில் எங்கும் நிறுத்தாமல், சாமிக்குச் சொல்லிக்கொண்டு போனார்.