சிவப்புக் காகிதம் கட்டிய டார்ச்

டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைப் போர்த்தி, அதன் மேல் ரப்பர் பாண்டைச் சுற்றுகிறார் முனிராஜ். இரண்டாவது சுற்றில் அது அறுந்து எங்கோ போய் விழுகிறது. "த்சொ... நேத்து போட்டது சார் இது" என்று என்னிடம் முறையிட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுக்கிறார். ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் இது நடக்கும். வெறும் வெளிச்சம் கண்ணைக் குத்தும், சிவப்பு குத்தாது என்பது அவர் கட்சி. டார்ச் அவருடைய சொந்த டார்ச். தியேட்டரில் வைத்துவிட்டுப் போகமாட்டார். தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினமும் கொண்டு வருவார்.

காகிதம் மட்டும் அரசாங்க உபயம் என்று சொல்லலாம். பெங்களூர் காந்திநகரில், படக் கம்பெனிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு சந்தில் இருக்கிறது இந்தச் சின்ன பிரிவியூ தியேட்டர். படம் வெளியாகும் முன் அதைப் பார்க்க வருகிற மந்திரிகளுக்கு விநியோகஸ்தர் சங்கத்தார் பழக்கூடை தருவார்கள். கூடையைச் சுற்றிய சிவப்புக் காகிதம் கார் ஏறுவதற்குள் எப்படியும் கிழிந்துவிடும். பழம் மந்திரி வீட்டுக்கு, காகிதம் முனிராஜுக்கு.

பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுகிறவன் என்ற உரிமையில் எனக்கும் அங்கே ஓர் இருக்கை உண்டு. டார்ச் அடித்து இருக்கை காட்டும் முனிராஜை எனக்குப் பல வருடமாகத் தெரியும். ஒல்லி. காக்கிச் சட்டை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலுடன்தான் உள்ளே நடப்பார். வந்து நிற்பதே தெரியாது. ஆயிரம் படம் ஓடியிருக்கும் அந்தத் திரையில், ஒன்றையும் அவர் ஒழுங்காகப் பார்த்ததில்லை. "படம் எப்படி?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "என்னைக் கேட்டா? நான் முதுகாலதான சார் படம் பாக்கறன்" என்பார்.

உண்மைதான். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகத்தில் பெரும் பகுதி. அதை அவருக்குக் கொடுத்தவர் சங்கத்தின் ரகுராம். சங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே ஓடுகிறவர் என்பதால் எல்லாரும் 'லைசன் ரகுராம்' என்பார்கள். சட்டசபை இருக்கும் விதான சௌதாவில் எந்த அறைக் கதவு எப்போது திறக்கும் என்று தெரிந்தவர். எந்தக் கட்சித் தலைவர் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். பழக இனிமையான மனிதர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முனிராஜுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

படத்துக்குக் கேளிக்கை வரிவிலக்கு வேண்டும். அதற்கு மந்திரிக்குப் படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். மந்திரியோ பார்த்து முடித்ததும் "நல்ல படம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் மனசுக்குள் என்ன என்று சங்கத்துக்குத் தெரிய வேண்டாமா? ஆகவே கார் கிளம்பியதும் ரகுராம் முனிராஜை ஓரமாக அழைப்பார். "ஏனப்பா, எப்படி?" என்பார், கன்னடமும் தமிழுமாக.

முனிராஜின் பதில் ஒரே சொல்லில் வரும். "நனஞ்சாரு" என்றால் மந்திரி கண்கலங்கினார். "சிரிச்சாரு" என்றால் சிரித்தார். "சாஞ்சாரு" என்றால் தூங்கிவிட்டார். ரகுராமுக்கு மிகவும் பிடித்தது முதல் சொல். மறுநாள் காலையிலேயே மனுவோடு மந்திரி வீட்டில் நிற்பார். 'அமைச்சரைக் கண்கலங்க வைத்த படம்' என்று பத்திரிகையில் விளம்பரம் வரும். தன்னை அழவைத்த படத்துக்கே வரி போட எந்த மந்திரிக்கு மனசு வரும்? தங்கள் தலைவருக்கு ஈர நெஞ்சு என்று கட்சிக்கும் பெயர் கிடைக்கும். தேர்தல் வந்தால் அந்தக் கட்சி வேனில் ஏறிக் கையசைக்க நடிகர்களைச் சங்கம் அனுப்பிவைக்கும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முனிராஜுக்கு இந்த வேலையில் ஏகப்பட்ட பெருமை இருந்தது. ஒரு தலைவர் கதாநாயகி சாகும்போது சிரிப்பார், வில்லன் சாகும்போது மூக்கை உறிஞ்சுவார் என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லி மகிழ்வார். மூன்றாவது வரிசை ஆளுங்கட்சிக்கு, கடைசி வரிசை எதிர்க்கட்சிக்கு. எதிர்க்கட்சிக்காரரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது, நாளைக்கு அவர்தானே முன்னால் வருவார்? "எலக்ஷன் முடிஞ்சா ஆளுதான் சார் மாறுவாங்க. சீட்டு அதே சீட்டுதான்" என்று இருக்கைகளைத் துடைத்துக்கொண்டே சொல்வார்.

அவர் மனைவி ஜெயலக்ஷ்மிக்குப் பீன்யாவில் துணி தைக்கும் ஃபேக்டரியில் வேலை. வீடு ஜீவனஹள்ளியில். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வர வேண்டும். முழங்கால் வீங்கிக்கொண்டது. அப்போதுதான் தியேட்டர் கேன்டீனை நடத்திக்கொண்டிருந்தவர் ஊரோடு போய்விட்டார். அதை ஜெயலக்ஷ்மிக்கே வாங்கித் தருவதாக ரகுராம் வாக்குக் கொடுத்தார். "உன் வீட்டம்மா போடற மசால்வடைக்கு இண்டஸ்ட்ரியே க்யூவுல நிக்கும்" என்றார். நான் அந்த வடையைச் சாப்பிட்டிருக்கிறேன். அவர் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் வந்தது. காய்ச்சலில் கிடக்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தகப்பன் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிற கதை. பார்க்க வரவேண்டிய மந்திரியின் ஒரே பெண் முந்தைய மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்திருந்தாள். அதன் பிறகு அவர் எந்த விழாவுக்கும் போகவில்லை. அவரை எப்படியோ பேசி, மனைவியோடு அழைத்து வந்துவிட்டார் ரகுராம்.

காட்சிக்கு முன்னால் வாசலில் ரகுராம் முனிராஜிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கூடவே காமிராவோடு ஒருவர் நின்றிருந்தார்.

"இன்டர்வலுக்கு அப்புறம் ஆஸ்பத்திரி சீன். ஸ்வல்ப நோடிக்கோ, கொஞ்சம் கவனிச்சுக்கோ. படம் முடிஞ்ச உடனே லைட்டைப் போடச் சொல்லிடு, அவர் கண்ணைத் துடைக்கறதுக்குள்ள. போட்டோ அப்படியே ஃப்ரெஷ்ஷா கிடைக்கணும். இது ஆயித்துன்னா கேன்டீன் சாவி நாளைக்கே உன் கையில."

"சரிங்க சார்" என்றார் முனிராஜ். வழக்கம்போல டார்ச்சுக்கு ரப்பர் பாண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டர் அறையின் ஜன்னலை நோக்கி முனிராஜ் டார்ச்சை ஒருமுறை காட்டினால்தான் விளக்கு எரியும். அது அந்தத் தியேட்டரின் ஏற்பாடு.

நான் மந்திரிக்கு ஒரு வரிசை பின்னால், கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. மந்திரியின் தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தம் இல்லை. அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். இன்னொரு கையால் கணவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பார்த்திருக்கக் கூடாது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஓரத்து வழியில் சிவப்பு வெளிச்சம் மெல்ல வந்தது, மூன்றாவது வரிசை அருகே நின்றது, அணைந்துவிட்டது. முனிராஜ் திரும்பி நின்றார். நான் அறிந்தவரை முதல் முறையாக அவர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடின. "லைட்டு... ஏய், லைட்டு" என்று கதவருகிலிருந்து ரகுராம் கிசுகிசுத்தார். முனிராஜ் அசையவில்லை. டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பெயர்கள் தீர்ந்து, பாட்டும் நின்று, தியேட்டர் இருண்டுபோயிற்று. அந்த இருட்டில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். யாரோ கனைத்தார்கள். வெகுநேரம் கழித்து மூக்குக் கண்ணாடி வைக்கும் கூடு ஒன்று மூடுகிற சத்தம் 'டப்' என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் முனிராஜ் டார்ச்சை உயர்த்தினார்.

விளக்கு எரிந்தபோது மூன்றாவது வரிசையில் கண்ணாடி அணிந்த ஒரு மந்திரி மரியாதையாக உட்கார்ந்திருந்தார். காமிராக்காரருக்குக் கிடைத்தது அந்தப் படம்தான். மந்திரி யாருடனும் பேசாமல் வெளியேறினார். அவர் மனைவி மட்டும் முனிராஜ் அருகே ஒரு நொடி நின்று, "பர்த்தீவப்பா" என்று கன்னடத்தில் விடைபெற்றுக்கொண்டு போனார்.

கார் கிளம்பியதும் ரகுராம் பாய்ந்து வந்தார். "ஏன் லைட்டு போடல?"

"பாட்டரி வீக்கு சார்."

"போகட்டும். அவர் எப்படி?"

"சாஞ்சாரு சார்."

"தூங்கினாரா? தூங்கினவர் கண்ணு ஏன்யா செவந்திருக்கு?"

"தூங்கி எழுந்தா செவக்கத்தான சார் செய்யும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரகுராம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். காமிராக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கேன்டீன் அடுத்த வாரமே வேறொருவர் கைக்குப் போயிற்று. அங்கே இப்போது கிடைக்கும் வடையைப் பற்றி எழுதி இந்தப் பக்கத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

ஏன் அப்படிச் செய்தார் என்று அவரிடம் கேட்டேன். நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "படம் பாத்து அழுதா சொல்லலாம் சார், அது படத்துது. அவுரு படத்தையா பாத்தாரு?" என்றார். பிறகு, "வீட்ல சொல்லிடாதீங்க. பேஜாராயிடும்" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுனில் என்னைப் பார்த்துவிட்டு, பிடிவாதமாக ஜீவனஹள்ளி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார் முனிராஜ். ஜெயலக்ஷ்மி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மனசில் இருந்ததைக் கொட்டினார்.

"நீங்களே கேளுங்க சார். கைக்கு வந்த கேன்டீனு. இந்த மனுசன் அந்த ரகுராம் சார்கிட்ட இன்னா வாய் பேசினாரோ, போயிடுச்சு. கேட்டா வாயே தொறக்க மாட்டேன்றாரு. நான்தான் டெய்லி ரெண்டு பஸ்சு ஏறி எறங்கி சாவறன். என் காலு இவருக்குத் தெரியுதா?"

முனிராஜ் தலையைக் குனிந்துகொண்டு, மடியில் வைத்திருந்த டார்ச்சுக்குப் புதுக் காகிதம் போர்த்திக்கொண்டிருந்தார். திட்டு வாங்கிப் பழகிவிட்ட அந்த முகத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நடந்தது அத்தனையும் சொன்னேன். மந்திரியின் இறந்துபோன பெண்ணை, ஆஸ்பத்திரிக் காட்சியை, காமிராவை, இருட்டை, கண்ணாடிக் கூட்டின் சத்தத்தை. முனிராஜ் இடையில் ஒருமுறை "சார், விடுங்க" என்றார். நான் விடவில்லை.

ஜெயலக்ஷ்மி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மந்திரி வீட்டம்மாவும் வந்திருந்தாங்களா?" என்று கணவரிடம் கேட்டார்.

"ம்."

"கூடவே உக்காந்துகினு பாத்தாங்களா?"

"ம்."

முனிராஜ் காகிதத்தின் மேல் ரப்பர் பாண்டை இழுத்தார். அது பட்டென்று அறுந்தது. இன்னொன்றுக்காகச் சட்டைப் பையைத் துழாவினார். இல்லை. ஜெயலக்ஷ்மி வீங்கிய காலை நீட்டியபடியே நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, அதன் நுனியிலிருந்த கறுப்பு ரப்பர் பாண்டை உருவினார். டார்ச்சை அவர் மடியிலிருந்து வாங்கி, காகிதத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சுற்றாக இறுக்கிக் கட்டினார்.