கோட்டூர்புரத்து இலவ மரமும் ஏழு மணி வௌவால்களும்

பாலைவனத்தில் ராத்திரி கள்ளிப்பூத் தேன் குடிக்க வரும் வௌவால்களைப் பார்க்க விமானம் ஏறிப் போகிறவர்களின் படங்களைப் பார்த்துப் பொருமுகிறவள் நான். நமக்கு அந்த வசதியில்லை. கோட்டூர்புரத்தில் ஓர் இலவ மரம் இருக்கிறது, ஐந்து ரூபாய் ரயில் டிக்கெட். பிப்ரவரி முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். வேடிக்கை பார்க்க என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளுக்குள் உதறல். காரணம் என் வாய்.

ஷமீம் அக்கா மயிலாப்பூரில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருக்கிறார். பழைய தலையணைக்குப் பஞ்சு மாற்றப் போனபோது, கோட்டூர்புரத்தில் தன் வீட்டு இலவ மரம் இரண்டு வருடமாகக் காய்க்கவில்லை என்று வருத்தப்பட்டார். மகள் அஸ்மா பிறந்தபோது அவளுடைய அத்தா, அக்காவின் கணவர், நட்ட மரம். அவள் கல்யாணத் தலையணைக்கு இந்தப் பஞ்சுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். இந்த மே மாதம் கல்யாணம்.

காலையில் மரத்தடியில் பூ கொட்டிக் கிடப்பதைப் பார்த்து, வௌவால்தான் கடித்துப் போடுகிறது என்று முடிவுகட்டி, அக்கா மொட்டைமாடியில் ஃபோகஸ் லைட் கட்டி, இரண்டு வருடமாகப் பூக்கும் காலத்தில் விடிய விடிய எரியவிட்டிருக்கிறார். அந்தப் பூ ஒரு ராத்திரிதான் இருக்கும், தானாக உதிரும், வௌவால் வந்து மகரந்தத்தைச் சுமந்தால்தான் காய் பிடிக்கும் என்று எங்கோ படித்ததை நான் எடுத்துவிட்டேன். அவர் அன்றே லைட்டைக் கழற்றிவிட்டார். நான் சொன்னது தப்பாகிவிட்டால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது?

திருமயிலையில் 5.40 ரயில். மூன்றாவது நிறுத்தம் கோட்டூர்புரம், பத்து நிமிடம்கூட ஆகாது. அங்கிருந்து ஆற்றோரமாக முக்கால் கிலோமீட்டர் நடை. அக்கா வீட்டு மொட்டைமாடிக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் கிளைகள், இலையே இல்லாமல் மொட்டும் பூவுமாக. 6.20க்குப் பூக்கள் விரியத் தொடங்கின. லேசாகப் புளித்த பால் வாடை. எனக்குப் பிடித்திருந்தது.

6.45 ஆயிற்று. ஏழு ஆயிற்று. ஒன்றையும் காணோம். ஆற்றுப் பக்கமிருந்து நிழல்கள் வரும், திரும்பிப் போய்விடும். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டார்ச்சை இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்குமாக மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே மெதுவாகச் சொன்னார்:

"நீயே லைட்டு அட்ச்சிக்கினு கீறியே மா, அது எப்டி வரும்?"

உபதேசம் செய்தவளுக்கு நல்லா வேண்டும். அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் முதல் வௌவால் வந்தது. பூங்கொத்தைக் கட்டிப்பிடித்து முகத்தை உள்ளே நுழைத்தது. அப்புறம் இரண்டு, நான்கு, எண்ணுவதை விட்டுவிட்டேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு வர்சமா பட்னி போட்டுக்கீறேனே இதுங்கள."

தலையணைக் கவலையோடு உட்கார்ந்திருந்தவர், இப்போது வௌவால்களுக்காகக் கவலைப்பட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: இலவம் பூப்பது ஜனவரி, பிப்ரவரியில். உங்கள் தெருவிலேயே மரம் இருக்கலாம், காலையில் தரையில் பூ கிடந்தால் தெரிந்துவிடும். ஆறரைக்குள் இடம் பிடியுங்கள். கொசு உண்டு, முழுக்கை போடுங்கள். டார்ச், ஃபிளாஷ் இரண்டும் பைக்குள் இருக்கட்டும். தனியார் வீடு என்றால் கேட்டுவிட்டுப் போங்கள். எட்டரைக்கு நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் அக்கா போன் செய்தார். மரத்தில் காய் வெடித்திருக்கிறது, இரண்டு தலையணைக்குப் போதும், மெத்தைக்குக் கடைப் பஞ்சுதான் என்றார். முதல் தலையணையைத் தைத்து முடித்ததும் அஸ்மா வாங்கித் தலைக்கு வைத்து, பட்டப்பகலில் கடையிலேயே படுத்துத் தூங்கிவிட்டாளாம்.

"எய்ப்பவே மனசு வர்ல மா. அவுங்க அத்தா மடில பட்த்தா இப்டித்தான் தூங்கும்."