அம்மா மட்டும் அழைக்கும் பத்திரிகை

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் அச்சுக்கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைதான் எங்களுக்கு முக்கிய வேலை. கம்ப்யூட்டர் வாங்கிய மறு வருஷம், தமிழில் பத்திரிகை தயாரிக்கும் மென்பொருள் தொகுப்பு ஒன்றையும் முதலாளி வாங்கி அதில் ஏற்றச் செய்தார். ஏற்ற வந்தவர் மத்தியானத்துக்குள் போய்விட்டார். தொகுப்போடு வந்த மாதிரிப் பத்திரிகைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று.

எல்லாம் தமிழ்நாட்டில் யாரோ தட்டியவை. மாதிரி மணமக்களின் பெயரை எடுத்துவிட்டு நம் ஆட்களின் பெயரைப் போடவேண்டும். எந்த இடத்தையாவது காலியாக விட்டால், மாதிரியில் இருந்ததே அச்சில் வந்துவிடும். தெலுக் இந்தான் மாப்பிள்ளை ஒருவருக்கு அப்படித்தான் கும்பகோணத்தில் வீடு வந்தது. நல்லவேளை, சரிபார்க்கும்போது கண்ணில் பட்டது. வேண்டாத மாதிரிகளை அழித்து, மற்றதை நம் ஊர் வழக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் சுங்காய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். மகள் ஈப்போவில் தொழிற்சாலை வேலை. கல்யாணம் அவளுக்குத்தான்.

விவரம் எழுதிக்கொண்டே, "பொண்ணோட அப்பா பேரு சொல்லுங்கம்மா" என்றேன்.

"அது வேணாம்மா. என் பேரு மட்டும் போடு."

"இறந்துட்டாரா?"

"இருக்காரு, எங்கேயோ. இவ கைப்பிள்ளையா இருக்கும்போது போனவரு. செத்துட்டாருன்னு போட மனசு வரல. அழைக்கிறாருன்னு போட்டா பொய்."

முதலாளி மேசையிலிருந்து நிமிர்ந்தார். "அப்பா பேரு இல்லாம அடிச்சா ஆளுங்க பேசுவாங்க. மாமா பேரு போடலாமே?"

மகள்தான் சொன்னாள்: "என்னை வளர்த்தது அம்மா மட்டும்தான், அண்ணே. அவங்க அழைச்சாப் போதும்."

முதலாளி என்னைப் பார்த்து, "செய்ய முடியுமா பாரு" என்றார்.

அப்பா பெயரைக் காலியாக விட்டேன். யாரோ ஒரு கும்பகோணத்து அப்பா வந்து நின்றார். மாதிரியை நகலெடுத்து அந்த வரியையே நீக்கினேன். மாப்பிள்ளையின் அப்பா மேலே ஏறி, இந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திரையைப் பார்த்து மகள் சிரித்துவிட்டாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. முதலாளி எதிர்க் கடையில் எல்லாருக்கும் குடிக்கத் தே வாங்கிவந்தார். ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டதைக்கூட அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பிரித்து அடுக்கினேன். சரியாக நின்றது. புது மாதிரிக்கு ஒரு பெயர் கொடுக்கச் சொல்லிக் கேட்டது தொகுப்பு. 'அம்மா' என்று தட்டினேன்.

அச்செடுத்த தாளை அந்த அம்மா வாங்கி, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் பெயர் வந்ததும் விரல் நின்றது.

"என் பேர இவ்வளவு பெரிசா நான் பார்த்ததே இல்லம்மா" என்றார்.

பெரிதெல்லாம் இல்லை, எல்லாருக்கும் போடும் எழுத்துதான். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த மாதிரியை வேறு சிலரும் கேட்டார்கள். சிம்பாங் பூலாய்க்காரர் ஒருவர், தம்பி தங்கைகளை வளர்த்த அக்காவின் பெயரை அதில் போட்டுக்கொண்டார். பழைய மாதிரிகளை ஒவ்வொன்றாக அழித்தபோதும் இதை மட்டும் நான் தொடவில்லை.

கல்யாணத்துக்கு எனக்கும் முதலாளிக்கும் அழைப்பு வந்தது. தோட்டத்துக் கோயில் வாசலில் அந்த அம்மா சந்தனக் கிண்ணத்தோடு தனியாக நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.