கடலில் இறங்குமுன்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடங்கள். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் கிளாக்கர். காலை ரயிலில் போவார். நாள் முழுக்கக் கதிரையில் இருப்பார். மாலை ரயிலில் திரும்புவார். நாற்பது வயது தாண்டியதும் பழைய காற்சட்டைகள் ஒவ்வொன்றாக அவரைக் கைவிட்டன.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை அவர் ஒரு பார்சலோடு வந்தார். உள்ளே கருநீலக் கம்பளியில் நீச்சல் உடுப்பு. ஒழுங்கையிலிருந்த இளந்தாரிகள் ஞாயிறு காலையில் கடலுக்குள் நீந்திப்போய், தூரத்தில் தலைகாட்டும் பாறையைத் தொட்டுவிட்டு வருவார்கள். மறுநாள் தானும் அவர்களோடு போகப்போவதாகச் சொன்னார். உடுப்பைப் போட்டுக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்தபடி கண்ணாடி முன் நின்றவரைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"இஞ்சேருங்கோ, முதலிலை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

"எனக்கென்ன வருத்தமோ? பதினாலு வயசிலை கேணியிலை நீந்தினவன் நான்."

"அது பதினாலு வயசிலை. இப்ப ஸ்டேசன் படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் உடுப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஞாயிறு முழுக்க என்னோடு கதைக்கவில்லை. திங்கள் மாலை தானாகவே, "சரி, வெளிக்கிடும். உம்மடை டொக்டரிட்டைப் போவம்" என்றார்.

டொக்டரின் டிஸ்பென்சரி, காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒரு மேல்மாடியில் இருந்தது. அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான். மெலிந்த, அவசரமில்லாத மனிதர். மார்பைத் தொட முன்பே கேள்விகள் கேட்கத் தொடங்கினார். நெஞ்சு இறுகுவதுண்டா, தலை சுற்றுவதுண்டா என்று கேட்டுவிட்டு, "தகப்பனார் இருக்கிறாரோ?" என்றார்.

என் கணவர் தரையைப் பார்த்தபடி, "இல்லை. கிணத்தடியிலை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர். அப்ப அவருக்கு என்ரை வயசுதான்" என்றார்.

மாமா காய்ச்சலில் போனார் என்றுதான் கலியாணமான நாளிலிருந்து நான் கேட்டு வந்தேன். டொக்டரிடம் வர அவர் பின்னடித்தது வீம்பினால் அல்ல என்பது டிஸ்பென்சரி வாங்குப் பலகையில் அவர் பக்கத்தில் இருந்தபோதுதான் விளங்கியது. அவர் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. வேற்று மனிதர் முன்னால் அப்படிச் செய்கிற வழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை.

டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மாடிப்படியில் இறங்கி ஏறச் சொல்லி மறுபடியும் கேட்டார். கையில் பட்டி சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார்.

"நெஞ்சிலை ஒரு பிழையும் இல்லை. பிரஷர் கொஞ்சம் கூட. உடம்பு வேலை மறந்துபோச்சு, அவ்வளவுதான்."

"அப்ப நீந்தலாமோ?"

"நீந்தலாம். இப்ப இல்லை. இனிக் கச்சான் காத்தும் துவங்கிக் கடல் பொங்கப்போகுது. அது ஓய்ஞ்சு கடல் அடங்குமட்டும் காலமை காலமை நடவும். நடக்கேக்கை கதைக்க ஏலவேணும். கதைக்க ஏலாமல் மூச்சு வாங்கினால், நிண்டு ஆறிப்போட்டு நடவும்."

"தனியப் போற ஆள் ஆரோடை கதைக்கிறது, டொக்டர்?"

டொக்டர் என்னைப் பார்த்தார். "அவ சும்மாதானே இருக்கிறா. கூட்டிக்கொண்டு போம்."

விடியக்காலையில் எழும்பி அப்பத்துக்கு மா கரைக்கிற எனக்குச் 'சும்மா' என்ற சொல் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன்.

புருசனும் பெண்சாதியும் விடியற்காலையில் ஒரு காரியமும் இல்லாமல் கடற்கரையில் நடப்பது அன்றைக்குப் புதினம். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "மஹத்தயா, கொஹேத யன்னே?" என்று சிங்களத்தில் கேட்பார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவருக்குக் கடலைக் காட்டிவிட்டு நடப்போம். பக்கத்து வீட்டு அக்கா, நான் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போக, இவர் சமாதானம் சொல்லிக்கொண்டு பின்னால் வருகிறார் என்றே முதலில் நினைத்தாவாம்.

முதல் கிழமை எங்களுக்குக் கதைக்க ஒன்றுமில்லை. அரிசி, வாடகை, மழை. அவை முடிந்ததும் அலைச்சத்தம் மட்டும்தான். பிறகு அவருடைய கம்பனிக் கந்தோர்க் கதைகள் வந்தன. துரை தும்மினால் தலைமைக் கிளாக்கரும் கூடத் தும்முவாராம்; அதை அவர் நடித்துக் காட்டியபோது நான் சிரித்துச் சிரித்து மணலில் குந்திவிட்டேன். பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்பப் பழகிய நாட்களில் ஒருநாள் தகப்பனைப் பற்றிச் சொன்னார். ஐயாவின் வயதுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு இரவும் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாராம். "டொக்டர் சொன்னாப் பிறகு பாக்கிறேல்லை" என்றார்.

கச்சான் ஓய்ந்தது. மழையும் குறைந்து மார்கழியில் கடல் அடங்கியது. டொக்டர் மறுபடி பார்த்து, தனியாக இறங்கக்கூடாது, களைத்தால் திரும்ப வேண்டும் என்று சொல்லி நீந்த விட்டார். அந்த ஞாயிறு நான் கரையில் துவாயோடு நின்றேன். இளந்தாரிகளுக்கு நடுவில் அவர் தலை சின்னக் கறுப்புப் புள்ளியாகப் போனது. பாதி வழியில் அந்தப் புள்ளி நின்றது, திரும்பியது. நான் தண்ணீர் விளிம்புவரை ஓடினேன். அவரோ சாவகாசமாக நீந்தி வந்து, "இண்டைக்கு இவ்வளவும் காணும்" என்று சொல்லித் துவாயை வாங்கினார். முகத்தில் வெட்கமே இல்லை.

பாறையைத் தொட்டது தைப்பொங்கலுக்குப் பிறகுதான். மேலே ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினார். கரையில் ஆட்கள் பார்ப்பார்களே என்று யோசிக்காமல் நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை ஆட்டினேன்.