முதல் வகுப்பில் ஒரு தடவை

பேரின்பநாதன் அண்ணைக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. மொன்றியலுக்குப் பக்கத்தில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள ஒரு சிறிய விமானக் காட்சியகத்தில் அவரும் நானும் சனிக்கிழமைத் தொண்டர்கள். அங்கே 1960களின் ஜெட் விமானமொன்றின் ஆசனங்கள் இருக்கின்றன. வருகிறவர்கள் அவரிடம் மாட்டினால் அவ்வளவுதான். எந்தக் கம்பனி எத்தனை டிசி-8 ஜெட் வைத்திருந்தது, விசிறி வைத்த பழைய விமானங்களை எப்போது கழித்துவிட்டது, முதல் வகுப்பில் இரண்டிரண்டு பேராகவும் எகானமியில் மும்மூன்று பேராகவும் ஏன் இருத்தினார்கள் என்று அரை மணி நேரம் பிடித்துவைப்பார்.

ஒருநாள் சும்மா சீண்டினேன்.

"எங்கை இருந்தாலும் எல்லாரும் ஒண்டாத்தானே அண்ணை போய்ச் சேருகினம். பிறகேன் முதல் வகுப்பு?"

மனிதர் முகம் கறுத்துவிட்டது.

"இல்லை வித்தியா. எல்லாரும் போய்ச் சேரேல்ல."

அன்றுதான் சொன்னார். 1986இல் அவரும் தம்பி நகுலேஸ்வரனும் கள்ளமாக ஆளனுப்பும் ஏஜென்ட் மூலம் இலங்கையிலிருந்து கனடாவுக்கு ஒரே விமானத்தில் புறப்பட்டவர்கள். கோட்டுப் போட்டு முதல் வகுப்பில் இருப்பவனை யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள் என்பது ஏஜென்டின் யோசனை. ஆனால் முன்னால் முதல் வகுப்பில் ஆசனம் ஒன்றுதான் கிடைத்தது. "நீங்கள் போங்கோ அண்ணை" என்றார் தம்பி. இவர் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. இடையில் இறங்கிய நகரத்தில் எகானமியில் இருந்தவர்களை மட்டும் சோதித்தார்கள். தம்பியை இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் இரண்டு வருடம் சிறை.

இந்த வகுப்புப் பிரிப்பை யார் தொடக்கினார்கள் என்று தேடப் போய்த்தான் இவர் விமானப் பைத்தியம் ஆனாராம். கிழமைக்கொரு தடவை தொலைபேசியில் கதைத்தும் அண்ணனும் தம்பியும் அந்தப் பயணத்தைத் தொட்டதே இல்லை. தம்பி இப்போது முதல் தடவையாக மொன்றியல் வருகிறார்.

"அவன் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். எனக்கு என் வாயை நினைக்க வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை தம்பியைக் கூட்டிவந்தார். அன்று அவர் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. நகுலேஸ்வரன் ஆசனங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதல் வகுப்பில் போய் அமர்ந்தார். பார்க்க வருகிறவர்கள் அதில் அமரக் கூடாது. நான் கண்டுகொள்ளவில்லை.

"அண்ணை, அண்டைக்கு முன்னுக்கு என்ன சாப்பாடு தந்தவை?"

"நான் ஒண்டும் தொடேல்லையடா. பயத்தில."



"என்னை இறக்கிக் கொண்டுபோகேக்கை, அண்ணையாவது நல்லாச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார் எண்டு நினைச்சுத்தான் நான் அழாமப் போனனான்."