முனியப்பனுக்குக் கொடுத்த சேவல்

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே வாசல். மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாய்தான் அக்கா என்னும், வயிறு எரியும். காரணம் அவளுடைய கோழிகள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய சமயம், பாப்பாரப்பட்டிப் பக்கத்துத் தாய்வீட்டிலிருந்து கேழ்வரகுக்குள் புதைத்து முட்டைகள் கொண்டுவந்து அடை வைத்தாள். சும்மா இருப்பேனா? நானும் என் தாய்வீட்டு முட்டைகளை வைத்தேன். இரண்டும் நாட்டுக்கோழிதான். வருடம் போகப்போக அவளுடையவை திரண்டு நின்றன. என்னுடையவை காக்கை அளவுக்குச் சிறுத்தன. அவளுக்குக் கைராசி என்று ஊரே புகழ்ந்தது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது.

கைராசியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று ஓர் ஆடி மாதம் கண்டுபிடித்தேன். வருடா வருடம் முனியப்பனுக்குச் சேவல் அறுப்பது எங்கள் வழக்கம். இருப்பதிலேயே பெரிய சேவலை நான் சாமிக்குக் கொடுத்துவிடுவேன். மிஞ்சிய நோஞ்சான்தான் என் பெட்டைகளோடு சேரும். அவளோ விரல் கோணிய ஒன்றைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு, கருஞ்சிவப்புச் சேவலை இனத்துக்கென்று நிறுத்திக்கொண்டாள். சாமி அவள் கண்ணைக் குத்தும் என்று காத்திருந்தேன். குத்தவே இல்லை.

பிறகு நானும் அப்படியே செய்தேன். அவள் சேவலை என் பெட்டைகள் பக்கம் அண்டவிடாமல் விரட்டிக்கொண்டிருந்ததையும் விட்டேன். ஒரே வாசலில் மேய்ந்ததால் அவள் சேவலுக்கு என் பெட்டைகளிடமும் குஞ்சுகள் பிறந்தன. அதில் ஒரு சேவல் தகப்பனை உரித்து வைத்தாற்போல் வளர்ந்தது. அதைப் பார்த்து அவள் முகம் சுருங்கியதாக எனக்குத் தோன்றிய அன்று, சோறு கூடுதலாக இறங்கியது.

அடுத்த கோடையில் என் மகளுக்கு விடாத காய்ச்சல். கண்ணே திறக்கவில்லை. எந்தக் கஷாயமும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் முனியப்பனுக்குச் சேவல் அறுப்பதாக வேண்டிக்கொண்டார். நான் பஞ்சாரக் கூடையைத் தூக்கி, ஒரு நொண்டிச் சேவலைப் பிடித்துக் கொடுத்தேன்.

“நல்லதா ஒன்னு நிக்குதே?” என்றார்.

“அது இனத்துக்குங்க. அக்காவும் இப்படித்தான குடுக்கறாங்க?”

அவள் வாசலில்தான் நின்றிருந்தாள். “அது வருசப் பூசைக்கு, புள்ள. கொழந்தைக்குன்னு வர்றப்ப அப்படிப் பாக்கலாமா?” என்றபடி, தன் கருஞ்சிவப்புச் சேவலின் காலைக் கட்டி அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்த மகள், நடந்ததைக் கேட்டுவிட்டு, “பெரியம்மா சேவலாலதான் நான் பொழச்சேன்” என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதையேதான் சொல்கிறாள்.

என் சேவல் வெகுகாலம் இருந்தது. அதன் வம்சத்தில் முட்டை கேட்டு வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். கைராசிக்காரி என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது. அந்தப் பெயரை அவளே திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். என் மகள் சொல்லும் அந்த ஒரு பேச்சில் அவள் இருக்கும் இடத்தில் நான் இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.